இலை உதிர்க்காத குடும்பம்

"உனக்குள்ளே காஞ்சு கிடக்கிற இலையில ஒண்ணுகூடக் கீழே விழக்கூடாது. அம்மா வர்ற நேரம்," என்றது கேட்டுக்கு இடப்புறம் நின்ற இட்லிப்பூச் செடி.

"காம்பு நிக்கலைண்ணே. காத்தடிச்சா போயிடும்," என்றது வலப்புறச் செடி.

இரண்டையும் ஒன்றாக நட்டு, ஒரே அளவு உருண்டையாக வெட்டி வளர்த்தவர் அந்த வீட்டு ஹெலன் அம்மா. ஒன்று பட்டுப்போனால் இரண்டையும் பிடுங்கிவிட்டுப் புது ஜோடி வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

"உனக்கு என்னதான்டா ஆச்சு?"

"வேர்ல கறையான். மழை முடிஞ்சதிலிருந்தே."

"இப்பதான் சொல்றியா?"

"நம்ம குடும்பத்துல இலை உதிர்க்கிற பழக்கமே கிடையாதுன்னு எதிர்வீட்டு வாதாமரத்தைத் தினமும் கேலி பண்ணினீங்க. நான் எப்படிச் சொல்வேன்?"

மதில்மேல் இருந்த ஓணான் தலையை ஆட்டியது. "பத்து இலை கொட்டியிருந்தா அந்தம்மா அப்பவே மருந்து ஊத்தியிருப்பாங்க. இன்னும் பாதி வேர் உசிரோடதான் இருக்கு. பரவாயில்ல, ரெண்டு பேரும் கௌரவமாச் சாவுங்க."

கேட் திறந்தது. ஹெலன் அம்மா இரண்டு உருண்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். குறையொன்றும் தெரியவில்லை. உள்ளே போகத் திரும்பினார். வலப்புறச் செடி அசையாமல் நின்றது.

இடப்புறச் செடி தன் முகப்பிலிருந்த பச்சை இலை ஒன்றை அவர் காலடியில் போட்டது.

அதைப் பார்த்ததும் வலப்புறச் செடியிலிருந்து காய்ந்த இலைகள் பொலபொலவென்று கொட்டின. ஹெலன் அம்மா கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து, வீட்டுச் சாவியால் அதன் அடிமண்ணை மெல்லக் கிளறினார்.