தூக்கிய கைகள்

குண்டு போடாத கைத்துப்பாக்கியை இடுப்பு உறையில் செருகி, சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, டார்லீன் இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள். சட்டை மேலேறி, பிடி எட்டிப் பார்த்தது.

“வேற காட்டு, ட்ரென்ட்.”

எங்கள் டெக்சஸ் ஊரின் துப்பாக்கிக் கடைக்காரன் ட்ரென்ட் சிரித்தான். “எல்லாரும் உருவற வேகத்தைப் பார்ப்பாங்க. நீங்க என்னடான்னா சரணடையப் பழகறீங்களே, டார்லீன்மா!”

“வாயடிக்காம பிடி குட்டையா ஒண்ணு எடு.”

எடுத்தான். கைகள் உயர்ந்தன. எதுவும் தெரியவில்லை.

“இதுதான். ஞாயித்துக்கிழமைக்குச் சரியா இருக்கும்.”

“சர்ச்சுக்கா? அங்கதான் வாசல்ல மலை மாதிரி ட்ராவிஸ் காவலுக்கு நிக்கிறானே!”

“அவன் கார் நிறுத்த இடம் காட்டறவன்டா. காவலுக்குப் பாஸ்டர் வெச்சிருக்கறது என்னை. பாட்டு உச்சத்துக்குப் போனா சபையே கையைத் தூக்கும். நான் தூக்கினா துப்பாக்கி தெரியும். தூக்காம நின்னா காவலுக்கு நிக்கறது நான்தான்னு தெரிஞ்சிடும். மூச்சு விட்டுடாதே!”

ட்ரென்ட் அவளை மேலும் கீழும் பார்த்தான். வாராவாரம் அவள் பக்கத்தில் நின்றுதான் அவன் பாடுகிறான்.

“கூடவே நிக்கிற உனக்கே தெரியலை, பாத்தியா?”

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று, டார்லீன் மறுபடி கைகளைத் தூக்கினாள். இந்த முறை ஓர் அல்லேலூயாவோடு.