மூணாவது மாடிக்காரன்

தன் தங்கச்சி சாவுக்குக் காரணமானவனை லிஃப்ட் மெக்கானிக் இரும்புக் கம்பியால் நொறுக்கிவிட்டு வந்த நாளில்தான் அவன்மேல் அவளுக்குக் காதலே வந்தது. அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. இப்போது தினமும் மத்தியானம் கேரியரோடு எங்கோ போகிறான். எந்தச் சக்களத்திக்கு என்று பார்த்துவிட, பின்னாலேயே போய்க் கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் ஓர் ஆள். இரண்டு கையும் விளங்காமல் கிடந்தன. இவன் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"யாருய்யா இது?"

"நான் அடிச்ச ஆளு."

"என் தங்கச்சியைக் கொன்னவனுக்கா ஊட்டுறே? தூ!"

"அவன் இல்லடி இவரு. மூணாவது மாடிக்காரன்னுதானே நீ சொன்னே?"

"சாகும்போது அவ அப்படித்தானே சொன்னா!"

"அவ தரையையும் சேர்த்து எண்ணியிருக்கா. லிஃப்ட்காரனுக்குத் தரை பூஜ்யம். ஒரு மாடி மேல ஏறிட்டேன்."

"அப்ப அந்த நாய்?"

"நல்லாத்தான் இருக்கான்."

"போய் அவனை அடியேன்!"

"இனிமே யார் மேலயும் கை ஓங்க மாட்டேன்."

அவள் கட்டில் பக்கம் திரும்பினாள். "எல்லாம் தெரிஞ்சுமா இவன் கையால சாப்பிடுறீங்க?"

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"ஒடிச்சது இந்தக் கைதாம்மா. ஊட்டறதுக்கு வேற எந்தக் கையும் வரலையே."