கணவர் பெயருக்கு ஒரு சிவப்பு நட்சத்திரம்

இருபத்தேழாவது படிவத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

காலையிலிருந்து இதே வேலைதான். பழைய ஃபிரேம்வொர்க் என்கிற மென்பொருள் சட்டகத்தில் கட்டிய வெப்சைட் படிவங்களைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். வீடு மாறுவதைப் போலத்தான். ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். கண் எரிந்தது. கழுத்து தன்னுடையதுதானா என்றே சந்தேகமாக இருந்தது.

இந்தப் படிவம் ஓர் அறக்கட்டளையுடையது. கணவனை விட்டு வந்த பெண்களுக்கு ஆறு மாதத் தையல் பயிற்சி. தங்க இடமும் சாப்பாடும் உண்டு.

கூடவே அறக்கட்டளையிலிருந்து ஒரு புகார். 'கணவர் பெயர்' கட்டத்தில் கண்டதையும் எழுதுகிறார்கள். சரியான பெயர் இருந்தால் மட்டும் விண்ணப்பம் போகும்படி செய்து தரவும்.

ஐந்து நிமிட வேலை. புதிய ஃபிரேம்வொர்க்கில் ஒரே வரி.

ஆனால் எந்த மாதிரிக் குப்பை என்று தெரிந்தால்தானே தடுக்க முடியும்? அந்தக் கட்டத்தில் இதுவரை வந்ததையெல்லாம் திரையில் இறக்கினாள்.

புள்ளி.

கோடு.

இல்லை.

இல்லை இல்லை.

அவன் பேர் வேண்டாம்.

அதான் விட்டுட்டு வந்துட்டேனே.

சார் இந்த எடத்துல என்ன எழுதணும்.

முதலில் சிரிப்பு வந்தது. பத்தாவது வரியில் நின்றுபோயிற்று.

விட்டு வந்தவளிடம் போய் எந்த மடையன் இதைக் கேட்டான்?

படிவத்தின் நிரலில் எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார்கள் என்று கேட்டால் கணினி சொல்லிவிடும். கேட்டாள்.

அவள் பெயரைத்தான் சொன்னது.

ஆறு வருடத்துக்கு முந்திய தேதி. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் செய்த படிவத்தை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வெறும் திரையிலிருந்து யார் ஆரம்பிக்கிறார்கள்? அங்கே கணவர் பெயர் கட்டாயம். 'ரிக்வயர்டு' என்கிற அந்த ஒற்றைச் சொல் இங்கேயும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. எழுதாமல் விட்டால் படிவம் நகராது. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு நட்சத்திரம்.

பாதியில் விட்ட விண்ணப்பங்களும் அதில் சேமிக்கப்படும். அந்த வசதியையும் அவள்தான் செய்தாள். அன்றைக்கு அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

திறந்து பார்த்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

தங்கள் பெயர், ஊர், வயது, கைபேசி எண் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். சிவப்பு நட்சத்திரத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்கள்.

புள்ளி வைத்தால் போகும் என்று தெரியாதவர்கள். பொய் எழுத மனம் வராதவர்கள். பெயரைக் கேட்கிறவர்கள் நாளைக்கு ஆளையும் கூப்பிடுவார்கள் என்று பயந்தவர்கள்.



அறக்கட்டளை நிர்வாகி குணவதி அம்மாளுக்குப் போன் போட்டாள். கணவர் பெயர் உங்களுக்கு எதற்கு என்று கேட்டாள்.

"நமக்கெதுக்குங் கண்ணு? உங்க சாஃப்ட்வேருக்கு வேணுமாக்கும்னு நெனச்சோம். புதுசா வந்த பொண்ணு புகார் எழுதிருச்சாட்ட இருக்குது."

இங்கே ஆபீஸில் எல்லோரும் அது அறக்கட்டளை கேட்டது என்று நினைத்திருந்தார்கள். ஆறு வருடமாக ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

நானூற்றுப் பன்னிரண்டு பேரைப் பற்றியும் சொன்னாள்.



"இடம் காலியாத்தான் கெடக்குது கண்ணு. யாரும் வரமாட்டேங்கறாங்களேன்னு இருந்தோம். நீங்களே கூப்பிட்டுச் சொல்லிருங்க."

'ரிக்வயர்டு' என்ற சொல்லை அழித்தாள். அழிக்க இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

டீம் லீட் நவநீதன் டீ தம்ளரோடு போகிற போக்கில் எட்டிப் பார்த்தார்.

"அந்த ஃபார்ம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

இருபத்தெட்டாவதை எடுத்திருக்கலாம். இன்னும் பதினாறு இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும். உடம்பு வீட்டுக்குப் போகலாம் என்றது.

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். பட்டியலில் முதல் பெயர் மைனாவதி. காங்கயம். முப்பத்தொரு வயது. போன தை மாதத்தில் நின்றுபோன விண்ணப்பம்.

"மைனாவதிங்களாக்கா? தையல் பயிற்சிக்கு எழுதியிருந்தீங்க இல்ல..."

"ஆமாங்க." குரல் மிகவும் தணிந்திருந்தது.

ஒரே மூச்சில் சொன்னாள். தவறு எங்களுடையது. கணவர் பெயர் தேவையில்லை. இப்போது அது இல்லாமலே விண்ணப்பம் போகும். இடமும் இருக்கிறது.

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

"இப்பப் பேரு எழுதலாமுங்க," என்றாள் மைனாவதி. "இங்கயே திரும்பி வந்துட்டனுங்க."



பின்னாலிருந்து ஓர் ஆணின் குரல் வந்தது. "ஆருடி போன்ல?"

"ராங் நம்பருங்க," என்று மைனாவதி சத்தமாகச் சொன்னாள். போன் துண்டிக்கப்பட்டது.

அவள் படியில் உட்கார்ந்தாள்.

இன்னும் நானூற்றுப் பதினோரு எண்கள். அவை எந்த வீட்டில், யார் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன என்று எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆண் குரல் கேட்டால் என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அடுத்த எண்ணை அழுத்தினாள்.