திருந்தாதி நேரத்து ஓட்டம்

அம்பயர் கிறகோரியார் விரலை உயர்த்தியதும், சிமியோன் தன் மட்டையை மணலில் ஓங்கி எறிந்தான்.

“இது என்ன நியாயம், கிறகோரியண்ணை? கோயில் மணி அடிக்குது, மனிசன் நிண்டிட்டார். நிண்டவரை அவுட் ஆக்கிறதோ?”

கடற்கரை வெளியில் இரண்டு தேவாலயப் பங்குகளின் சனமும் கூடி நின்றது. கடைசிச் சோடி. வெல்ல இன்னும் இரண்டு ஓட்டம்.

அவுட் என்று சொல்லப்பட்டவர் அருளண்ணை. தெல்லிப்பழையில் ஷெல் விழத் தொடங்கியபின் ஓடிவந்து, சிமியோனின் பங்குப் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் தோட்டக்காரர். பதினொரு பேரில் ஒருவர் குறைந்ததால், அன்று மத்தியானம்தான் சிமியோன் அவருக்கு கிரிக்கெட் சொல்லிக்கொடுத்தான்.

மூன்று தடிகளிலும் பந்து படாமல் காக்க வேண்டும். அடித்தால் எதிர்க் கோட்டுக்கு ஓட வேண்டும். கோட்டைத் தொடுவதற்குள் பந்தால் தடியைத் தட்டிவிட்டால் அவுட். ஆகவே இடையில் எதற்கும் நிற்கக் கூடாது.

அருளண்ணை கவனமாகத் தலையாட்டினார்.

மட்டையோடு அவர் வந்தபோது எதிர்ப் பங்குப் பெடியள் சிரித்தார்கள். “அண்ணை, மிளகாய்க்கண்டுக்கு வாய்க்காலிலை தண்ணி மாறுற மாதிரி நிக்காதேங்கோ.”

சிரித்தவர்களின் பந்தையே அவர் பனைவேலி வரைக்கும் அடித்தார்.

இருவரும் ஓடினார்கள். பாதி வழியில் மாலைத் திருந்தாதி மணி அடித்தது. மாதாவை நினைத்துச் செபம் சொல்லும் நேரம்.

அருளண்ணை நின்றார். மட்டையைக் கக்கத்தில் இடுக்கி, கைகட்டி, தலைகுனிந்தார்.

பந்து எதிர்ப் பங்கு இன்னாசித்தம்பியின் கைக்கு வந்தது. அவன் தடியைத் தட்டினான்.

மட்டையை எறிந்த சிமியோன் அவனைக் கைநீட்டிக் காட்டினான்.

“மாதாவின்ரை மணி அடிக்கேக்கை தடி தட்டுறான். உவனும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலை நன்மை எடுக்கிறவனோ?”

கிறகோரியார் விரலை இறக்காமலே கேட்டார்.

“மணி அடிக்கேக்கை நீ எங்கை நிண்டனி, சிமியோன்?”

சிமியோன் கீழே பார்த்தான். அவன் கால்கள் எதிர்க் கோட்டைத் தாண்டியிருந்தன. ஓடி முடித்துவிட்டுத்தான் நின்றிருக்கிறான்.

“விடுங்கோ தம்பி,” என்றார் அருளண்ணை. “பள்ளிக்கூடத்திலை கோயில் மணி கேட்டால் எல்லாரும் எழும்பி நிக்கிறவை. இஞ்சையும் நிப்பியள் எண்டு நினைச்சன். பிழை என்ரைதான்.”

மணி எப்போதோ ஓய்ந்திருந்தது.

கிறகோரியார் உயர்த்திய விரலை இறக்கி, நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை போட்டார். இன்னாசித்தம்பி பந்தைக் கீழே வைத்தான். யாரோ செபத்தைத் தொடங்கினார்கள். பிந்தித்தான், ஆனாலும் தொடங்கினார்கள்.

அதன் சொற்கள் தெரியாத ஒருவர் மட்டும், வேர்வையில் கரைந்த திருநீற்றோடு, அது முடியும்வரை அசையாமல் நின்றார்.