பதினொன்றேகால் வோல்ட்

பிசிக்ஸ் லேப்பில், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவதை ஐந்து விநாடிக்கு ஒருமுறை மீட்டரில் பார்த்து எழுதவேண்டும். பேட்டரி ஒன்பது வோல்ட். முள் அதைத் தாண்டமுடியாது.

டிசம்பரில் அது பதினொன்றேகால் வரை ஏறியது. என் லேப் ஜோடி காத்தாயியும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். நான் எல்லாரையும்போல சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ஒன்பது என்று எழுதினேன். அவள் பார்த்ததை எழுதினாள்.

பிசிக்ஸ் சார் அவள் நோட்டைக் கிழித்தார். "கரும்பு வெட்டுற வூட்டுலேர்ந்து வந்துட்டு எனக்கே பாடம் எடுக்குறியா? பரீட்சைக்கே விடமாட்டேன், போ."

நான் என் ஒன்பதைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். தானே உயிரை மாய்த்துக்கொண்டவளைப் பொங்கலுக்கு முன்பே அவள் ஊர் எறையூரில் புதைத்துவிட்டார்கள்.

மார்ச்சில் செய்முறைத் தேர்வு. எனக்கு அதே கெப்பாசிட்டர் போர்டு. முள் பதினொன்றேகாலில் நின்றது.

"சார், இங்க வந்து பாருங்க."

பார்த்தார். பேட்டரியைக் கழற்றினார். கம்பியை வைத்து கெப்பாசிட்டரில் இருந்த சார்ஜை முழுக்க இறக்கினார். முள் பூஜ்ஜியத்தில் விழுந்தது.

"ஒன்பதுன்னு எழுதிட்டுப் போம்மா. பாஸாவ வேணாமா?"

"அவ எழுதுனதத்தான் எழுதுவேன் சார்."

எழுதினேன். நிமிர்ந்தபோது பேட்டரி அவர் கையில்தான் இருந்தது. முள் பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.