நேர்ந்து கட்டிய துணி

“துணியை மட்டும் அவிழ்க்க விட்டுறாத தங்கச்சி. அம்மனுக்கு நேர்ந்து கட்டினதுன்னு சொல்லு, ஒருத்தரும் கை வைக்க மாட்டாக.”

பட்டாசுக் கம்பெனி போர்மேன் பலவேசம், யோகேஸ்வரியின் காதோரம் சொல்லிவிட்டு வார்டு ஃபேனை நிறுத்தினார். அந்த வெயிலில், முழுக்கைச் சட்டைக்குள்ளும் அவருக்குக் குளிர்ந்ததாம்.

கட்டிலில் அவள் புருஷன் முனியராஜ் ஆறாம் நாள் காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தான். அவன் புஜத்தில் ஒரு ரூபாய் முடிந்த மஞ்சள் துணி. அதற்கடியில் மிளகளவுக்கு ஒரு கருகிய புண்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஏழாயிரம்பண்ணைக் கம்பெனி ஷெட் ஒன்றில் லேசாகத் தீப்பிடித்தது. வெளியே தெரியாமல் அணைத்துவிட்டார்கள். தன்மேல் பொறி எப்போது பட்டது என்று முனியராஜுக்கே தெரியவில்லை. ஆனால் பட்டாசு ஊரில் கருகிய புண் வேறு எதனால் வரும்? தீக்காயம் என்று ஆஸ்பத்திரியில் எழுதினால் போலீஸ் வரும், கம்பெனிக்குச் சீல் விழும். தீபாவளி சீசனில் நாற்பது குடும்பம் பட்டினி கிடக்கும்.

டாக்டர் ஜெனிட்டா வந்தார்.

“உடம்புல காயம் எதுவும் இருக்காம்மா?”

“இல்லீங்க டாக்டரம்மா.”

“இந்தத் துணி?”

“இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேர்ந்து கட்டினது. அவிழ்த்தா தெய்வக்குத்தம் ஆயிரும்.”

ஜெனிட்டா கையை எடுத்துக்கொண்டார். யோகேஸ்வரி துணியின் முடிச்சை இறுக்கிவிட்டாள். போயும் போயும் ஆத்தா பேரிலேயே பொய் சொல்லிவிட்டாளே!

மத்தியானம் முனியராஜுக்கு வலிப்பு வந்தது. ஜெனிட்டா கையில் ஒரு காகிதத்தோடு ஓடி வந்தார்.

“இவரு கம்பெனியில நாய்க திரியுமா?”

“வேப்பமரத்தடியில கிடக்கும். அங்கனதான் எல்லாரும் சோறு திம்பாக. ஏன் டாக்டரம்மா?”

“அந்தப் பக்கத்து நாய்கள்ல புடிச்ச உண்ணிய லேபுல சோதிச்சிருக்காங்க. ஒரு மோசமான காய்ச்சலோட கிருமி இருக்குன்னு இப்பத்தான் ரிப்போர்ட் வந்துச்சு.”

நாயும் உண்ணியும் அவள் காதில் ஏறவே இல்லை. புருஷன் போய்விட்டால் அப்புறம் கம்பெனி இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? பாய்ந்துபோய் மஞ்சள் துணியைப் பிய்த்தெறிந்தாள்.

“தீக்காயம் டாக்டரம்மா! மறைச்சிட்டோம்! போலீசுக்குச் சொன்னாலும் சொல்லுங்க, அவுகள மட்டும் காப்பாத்திருங்க!”

ஜெனிட்டா குனிந்து பார்த்தார்.

“இது தீக்காயமே இல்லம்மா. உண்ணி கடிச்ச தடம். இத மட்டும் காட்டியிருந்தா, நான் கேட்டப்பவே சரியான மாத்திரை குடுத்திருப்பேனே! சிஸ்டர், சீக்கிரம் ஊசிய எடுங்க!”

யோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு, கட்டிலோரம் நின்ற போர்மேன் பக்கம் திரும்பினாள்.

“கட்டச் சொன்னீகளே அண்ணாச்சி!”

பலவேசம் சட்டைக் கையை மேலே சுருட்டினார். அங்கேயும் ஒரு மஞ்சள் துணி.

“இன்னும் ஆறு பேருக்கு நான்தான் கட்டிவிட்டேன் டாக்டரம்மா,” என்றார். “ஆஸ்பத்திரிப் பக்கமே போயிராதீகன்னு சத்தியம் வாங்கிட்டு வந்திருக்கேன்.”