வாசலில் விட்ட செருப்பு

கோயிலுக்குள் நுழைவதுபோல் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மலேசியாவின் பண்டமாரான் ஊர் லோரி ஓட்டுநர் அய்யாவு கிறிஸ்தவப் பல்கலைக்கழக டீனின் அறையில் வெறுங்காலுடன் நிற்கிறார். அருகில் நிற்கும் மகள் குணவதி பகுதிநேர வேலைக்குப் போன காலைகளிலும் அவள் மாணவர் அட்டை கட்டாயச் சிற்றாலய வழிபாட்டின் வருகைக் கருவியில் பதிவாகியிருக்கிறது. "உனக்காகக் கார்ட டச் பண்ணது யாரு? பேரைச் சொன்னா வார்னிங் மட்டும்தான். இல்லன்னா படிப்பு இதோட நின்னுடும், குணா," என்கிறார் டீன் எஸ்தர், வருத்தத்தோடு. குளிர்சாதனம் முனகுகிறது. "சொல்லிடு லா, ம்மா," அய்யாவுவின் குரல் தாழ்கிறது. வேடனிடம் குஞ்சுகளின் கூட்டைக் காட்டிக்கொடுக்காத கதைப் பறவையாய்க் குணவதி கண்ணாடிக் கதவைப் பார்க்கிறாள். வெளியே, அட்டையைத் தட்டிய தோழி சிந்துஜா குனிந்து, அய்யாவு போட்டுக்கொள்ள வாகாகச் செருப்புகளைத் திருப்பி வைக்கிறாள். குணவதி கழுத்தில் தொங்கும் மாணவர் அட்டையைக் கழற்றி, ஓசையெழாமல் மேசைமேல் வைக்கிறாள்.